ஒத்துப்போகாத கலாச்சாரத்துக்கு நடுவில் ஒரு கிறிஸ்தவர் எப்படி வாழ்வது?

விசுவாசத்துக்கு வந்து கொஞ்ச நாளிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் சாதாரணமாகச் செய்கிற ஒன்று உங்கள் மனசாட்சிக்கு இடிக்கும். பணத்தைப் பற்றி, குடும்பத்தைப் பற்றி, பாலுறவைப் பற்றிச் சுற்றியிருப்பவர்கள் பேசுகிற விதமும் நீங்கள் வேதத்தில் வாசித்ததும் ஒன்றோடொன்று மோதும். என்ன செய்வது? எதிர்த்து நிற்பதா, ஒதுங்கிப் போவதா, கண்டுகொள்ளாமல் கலந்துவிடுவதா? நான் பார்த்தவரை பெரும்பாலானோர் இதை யோசித்து முடிவு செய்வதில்லை. கோபக்காரர் சண்டைக்குப் போகிறார், பயந்த சுபாவம் உள்ளவர் ஒதுங்குகிறார், எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்படுகிறவர் கலந்துவிடுகிறார். சுபாவம் இழுத்த பக்கம் போய்விட்டு, அப்புறம் அதற்கு ஒரு வசனத்தையும் தேடி ஒட்டிக்கொள்கிறார்கள்.

இறையியல் படித்தவர்கள் இதைப் பல விதமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் நீபூர் 1951-ல் வெளியிட்ட வகைப்பாடு மிகவும் பிரபலம்: கிறிஸ்து கலாச்சாரத்துக்கு எதிரானவர் என்பதில் தொடங்கி, கலாச்சாரத்தை மாற்றுகிறவர் என்பது வரை ஐந்து நிலைப்பாடுகள். தெரிந்துவைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைவிட உதவுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: யாரிடம் கண்டிப்பாக இருக்க வேண்டும், யாரிடம் சாந்தமாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வேதத்தை வாசித்தால், வருகிற பதில் நம் வழக்கத்துக்கு நேர் எதிராக இருக்கிறது.

அதற்குள் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலாச்சாரம் என்பது மொத்தமாகத் தூக்கிக்கொள்ளவோ மொத்தமாக வீசி எறியவோ கட்டிவைத்த மூட்டை அல்ல. தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். சிறைபிடிக்கப்பட்டு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட இளைஞன், கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றுக்கொள்கிறான். பெல்தெஷாத்சார் என்று பாபிலோன் தெய்வத்தின் வாடை வீசுகிற ஒரு பெயரை வைக்கிறார்கள், அதற்கும் சண்டை போட்டதாக எழுதப்படவில்லை. தன் மக்களைத் தோற்கடித்த அதே ராஜாவின் அரண்மனையில் வேலைக்கும் சேருகிறான். ராஜாவின் பந்தி உணவையும் திராட்சரசத்தையும் மட்டும் வேண்டாம் என்கிறான். அதையும் எப்படிச் சொல்கிறான்? பொறுப்பில் இருந்த அதிகாரியிடம் அனுமதி கேட்கிறான். அந்த அதிகாரி தன் தலை போய்விடுமோ என்று பயந்தபோது, கீழே இருந்த விசாரணைக்காரனிடம் 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியையும் தானே சொல்கிறான். மறுப்பதிலும் எதிரே இருப்பவனின் கழுத்தைப் பற்றிய கவலை இருக்கிறது. அரண்மனையில் யாருமே அந்த உணவைச் சாப்பிடக்கூடாது என்று அவன் கேட்கவும் இல்லை.

ஆறாம் அதிகாரத்தில் 30 நாள் ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்று சட்டம் வருகிறது. தானியேல் வழக்கம்போல வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த ஜன்னலுக்கு முன்னால், முன்பு செய்துவந்தபடியே தினம் மூன்று வேளை ஜெபம் செய்கிறார். சட்டம் வந்ததற்காக ஜன்னலைச் சாத்தவும் இல்லை, எதிர்ப்பைக் காட்டுவதற்காகப் புதிதாக ஒரு ஜன்னலைத் திறக்கவும் இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விசுவாசத்தை மறைப்பது ஒரு தப்பு என்றால், எதிராளியைச் சீண்டுவதற்காகவே விசுவாசத்தைக் காட்சிக்கு வைப்பதும் தப்புதான். இரண்டாவதை நாம் தைரியம் என்று அடிக்கடி தவறாக நினைத்துக்கொள்கிறோம்.

அதே பாபிலோனுக்கு எரேமியா எழுதிய கடிதம் இன்னும் ஆச்சரியமானது. கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களுக்கு அது போகிறது. அந்தச் சமயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, 2 வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கேட்பதற்கு இனிப்பான செய்தி. எரேமியா 70 வருஷம் என்கிறார். அதனால் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். உங்கள் கோவில் பாத்திரங்களைக் கொள்ளையடித்துப் போனவர்களின் ஊருக்காக ஜெபம்! இன்றைக்கும் 'இன்னும் கொஞ்ச நாள்தான், அப்புறம் நம் கை ஓங்கும்' என்று பேசுகிற குரல்களுக்குச் சபைகளில் நல்ல கைத்தட்டல் கிடைக்கிறது. 2 வருஷக் கணக்கில் வாழ்கிறவன் பக்கத்து வீட்டுக்காரனோடு சிநேகம் பிடிக்கமாட்டான், ஊரின் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றிக் கவலைப்படமாட்டான். 70 வருஷம் என்று தெரிந்தால்தான் அந்த ஊர் அவனுக்கும் சொந்த ஊராகிறது.

சரி, இப்போது கண்டிப்புக்கு வருவோம். 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரம். கொரிந்து சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியோடு வாழ்கிறான், சபை அதைச் சகித்துக்கொண்டிருக்கிறது. பவுல் கொதித்துப்போய் அவனை விலக்கச் சொல்கிறார். அதோடு ஒரு விளக்கமும் கொடுக்கிறார்: விபசாரக்காரரோடு கலந்திருக்க வேண்டாம் என்று முன்பு எழுதினேன், ஆனால் இந்த உலகத்தில் இருக்கிற விபசாரக்காரரையும் பொருளாசைக்காரரையும் விக்கிரகாராதனைக்காரரையும் பற்றி நான் சொல்லவில்லை, அப்படியானால் நீங்கள் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்கும், சகோதரன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அப்படி நடக்கிறவனைப் பற்றித்தான் சொன்னேன். 12-ஆம் வசனத்தில், புறம்பே இருக்கிறவர்களைக் குறித்துத் தீர்ப்புச் செய்வது என் காரியமா என்று கேட்கிறார். வெளியே இருப்பவர்களைத் தேவன் பார்த்துக்கொள்வார், உள்ளே இருப்பவர்களை நீங்கள் பாருங்கள் என்பதுதான் அவருடைய கட்டளை.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சபைக்குள் நடக்கிற பண மோசடிக்கும் குடும்ப வன்முறைக்கும் 'மூடி மறைத்து மன்னிப்போம்' என்று சொல்லிவிட்டு, இயேசுவை ஆண்டவர் என்று ஒருநாளும் சொல்லாத நடிகரின் வாழ்க்கையைப் பற்றி ஆவேசமாகப் பதிவு போடுகிறோம். கிறிஸ்தவராக வாழ்வதாக வாக்குக் கொடுக்காத ஒருவர் கிறிஸ்தவராக வாழவில்லை என்று கோபப்படுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

எபேசுவில் நடந்ததும் இதே திசையில்தான் போகிறது. அப்போஸ்தலர் 19-ல் மாயவித்தைப் புத்தகங்களை எரித்த சம்பவம் வரும். அதன் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு என்று கணக்கும் இருக்கிறது. இதை அடுத்தவரின் புத்தகத்தை எரிப்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அங்கே மாயவித்தை செய்துவந்தவர்கள் விசுவாசிகளாகி, தங்கள் சொந்தப் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள். யாருடைய அலமாரியையும் போய் உடைக்கவில்லை. கொஞ்ச நாளில் தியானாள் தேவிக்கு வெள்ளிச் சிறுகோவில்கள் செய்து விற்ற தட்டான் தெமேத்திரியு, வியாபாரம் படுத்துவிடும் என்று கலவரத்தைக் கிளப்புகிறான். கூட்டத்தை அடக்க வந்த பட்டணத்து அதிகாரி சொன்ன சாட்சியை 37-ஆம் வசனத்தில் வாசியுங்கள்: இந்த மனிதர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல. பவுல் அந்தப் பட்டணத்தில் 2 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். கைகளால் செய்யப்பட்டவை தெய்வங்கள் அல்ல என்று வெளிப்படையாகப் போதித்தும் இருக்கிறார், தெமேத்திரியுவே அப்படித்தான் குற்றம் சாட்டுகிறான். அப்படியிருந்தும் கிறிஸ்தவர் அல்லாத ஓர் அரசு அதிகாரி, இவர்கள் எங்கள் தேவியைத் திட்டவில்லை என்று பொதுவில் சொல்ல முடிந்தது. உடன்படாமல் இருப்பதும் இழிவாகப் பேசுவதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நம்மைப் பற்றி ஓர் அதிகாரி இன்று அப்படிச் சாட்சி சொல்வாரா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். அப்படியானால் வெளியே என்ன அநியாயம் நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? தீர்க்கதரிசிகள் ராஜாக்களையும் தேசங்களையும் கண்டிக்கவில்லையா?

கண்டித்தார்கள். எதற்காகக் கண்டித்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆமோஸ் முதல் இரண்டு அதிகாரங்களில் அக்கம்பக்கத்துத் தேசங்களை வரிசையாக விசாரிக்கிறார். தமஸ்கு கீலேயாத்தை இரும்புக் கருவிகளால் போரடித்தது. காசா ஒரு ஜனக்கூட்டத்தையே சிறையாக்கி ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்தது. அம்மோன் தன் எல்லையை விரிவாக்க கர்ப்பிணிகளைக் கீறிப்போட்டது. எல்லாம் மனிதர்மேல் நடத்திய கொடுமை. ஓய்வுநாளை அனுசரிக்கவில்லை, பலி செலுத்தவில்லை என்று அந்தத் தேசங்கள்மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. யூதாவின் முறை வரும்போதுதான் 'கர்த்தருடைய வேதத்தை வெறுத்தார்கள்' என்ற வார்த்தை வருகிறது. வேதம் கொடுக்கப்பட்டவனிடம்தான் வேதத்தின்படி கணக்குக் கேட்கப்படுகிறது. இஸ்ரவேலிடமோ இரண்டு கணக்கும் சேர்த்துக் கேட்கப்படுகிறது, எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றதும் அதில் உண்டு.

ஆக, எதிர்த்துப் பேச வேண்டிய இடம் இருக்கிறது. எளியவன் நசுக்கப்படும் இடம் அது. நம் மனம் புண்படும் இடம், நம் மரியாதை குறையும் இடம், நம் எண்ணிக்கை சுருங்கும் இடம், இவையெல்லாம் அதே வகையில் சேராது. வாயைத் திறக்கும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள்: இதில் அடிபடுகிறவர் யார், நானா, இல்லை குரல் இல்லாத வேறொருவரா?

முதல் நூற்றாண்டுகளின் சபை இதை வாழ்ந்து காட்டியது. ரோம சாம்ராஜ்யத்தில் வேண்டாத குழந்தையை வெளியே போட்டுவிடுவது சட்டப்படி குற்றமல்ல. தியோக்னேத்து என்பவருக்கு எழுதப்பட்ட, பெரும்பாலும் இரண்டாம் நூற்றாண்டினது என்று கருதப்படுகிற ஒரு கடிதம் கிறிஸ்தவர்களை இப்படி விவரிக்கிறது: அவர்கள் தனி ஊரிலோ தனி மொழியிலோ வாழ்வதில்லை, அந்தந்த ஊர் உடையையும் உணவையும் பின்பற்றுகிறார்கள், எல்லோரையும் போலத் திருமணம் செய்து பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் பெற்ற பிள்ளையை வெளியே எறிவதில்லை, பந்தியைப் பகிர்கிறார்கள், படுக்கையைப் பகிர்வதில்லை. சட்டத்தை மாற்ற அவர்களிடம் அதிகாரமே இல்லை. தங்கள் வீட்டில் செய்யாமல் இருந்தார்கள், எறியப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்க்கவும் செய்தார்கள். நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை விட்டு விலகி, பழைய தெய்வ வழிபாட்டை உயிர்ப்பிக்க முயன்ற ஜூலியன் பேரரசர், கலாத்தியாவில் இருந்த தன் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளை மட்டுமல்ல நம் ஏழைகளையும் பராமரிக்கிறார்களே என்று புலம்புகிறார். எதிரியின் வாயிலிருந்து வந்த புகார் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

ஒதுங்கிப்போவதைப் பற்றி ஒரு சின்னத் தகவல். 'ஏதென்ஸுக்கும் எருசலேமுக்கும் என்ன சம்பந்தம்', அதாவது கிரேக்கத் தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட கார்த்தேஜ் நகரத்து ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், கலாச்சாரத்தை வெறுத்தவர் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிற ஆள். அதே மனிதர் சுமார் 197-ல் ரோம ஆட்சியாளர்களுக்கு எழுதும்போது, நாங்கள் காட்டில் வாழ்கிற இந்தியத் துறவிகள் அல்ல, உங்கள் சந்தையிலும் குளியல் கூடத்திலும் கடையிலும் இருக்கிறோம், உங்களோடு கப்பல் ஏறுகிறோம், உழுகிறோம் என்கிறார். கோவில் வழிபாட்டுக்கும், நாடகம், ரத்தம் சிந்துகிற அரங்க விளையாட்டு போன்ற பொதுக் காட்சிகளுக்கும் அவர் வரமாட்டார். ஒதுங்கல்காரர் என்று பெயர் எடுத்தவரே முழுதாக ஒதுங்கவில்லை.

அதிகாரம் கைக்கு வந்த பிறகு கதை மாறியது. 380-ல் ரோமப் பேரரசர் தெயோதோசியு காலத்தில் கிறிஸ்தவம் பேரரசின் மதமானது. 415-ல் அலெக்சாந்திரியாவில் கணிதமும் தத்துவமும் கற்பித்த ஹைப்பேஷியாவைக் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று கொன்றது. உடன்படாத கலாச்சாரத்துக்குப் பதில் சொல்லக் கல்லையும் கும்பலையும் எடுத்தவர்கள், தாங்கள் கர்த்தருக்காகத்தான் செய்கிறோம் என்று நம்பியிருப்பார்கள். தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கட்டுமா என்று கேட்ட யாக்கோபும் யோவானும்கூட அப்படித்தான் நம்பினார்கள். இயேசு அவர்களை அதட்டினார், பிறகு எல்லோரும் வேறொரு கிராமத்துக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்தை ஆட்கள் கவனிப்பதே இல்லை. நமக்குப் பிடிக்காத கலாச்சாரம் சுலபமாகக் கண்ணில் படும். நமக்குப் பிடித்த கலாச்சாரம் படவே படாது. 1930-களில் ஜெர்மனியில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கத்தினர் ஒழுக்கக் கேட்டைப் பற்றி நிறையக் கவலைப்பட்டார்கள்; இனப்பெருமையும் தலைவர் வழிபாடும் சபைக்குள் வந்தபோது அதைக் கலாச்சாரத்தின் ஊடுருவலாக அவர்கள் பார்க்கவில்லை, ஆசீர்வாதமாகப் பார்த்தார்கள். 1933 சபைத் தேர்தலில் பெரும்பான்மையும் பெற்றார்கள். அதை எதிர்த்து 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள், சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துதான் என்று அறிக்கை வெளியிட்டார்கள். துணிச்சலான அறிக்கை. ஆனால் அந்த அறிக்கையிலும் யூதர்களுக்கு நடந்துகொண்டிருந்த கொடுமையைப் பற்றி ஒரு வரி கிடையாது. சபையின் சுதந்திரத்தைக் காப்பாற்றினார்கள், அடிபடுகிற அயலானைப் பற்றிப் பேசவில்லை. ஆமோஸின் அளவுகோலை வைத்தால் அது பெரிய குறை.

இப்போது தினசரி வாழ்க்கைக்கு வருவோம். இதற்கு 1 கொரிந்தியர் 10-ல் இறைச்சிக் கடையைப் பற்றிப் பவுல் சொல்வதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி சந்தையில் விற்கப்பட்ட ஊர் அது. கடையில் விற்பதை எதையும் துருவித் துருவி விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிறார். அவிசுவாசி ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு உங்களுக்கும் போக மனமிருந்தால் போங்கள், வைப்பதைச் சாப்பிடுங்கள். ஆனால் இது படைக்கப்பட்டது என்று யாராவது சொன்னால், சொன்னவருடைய மனசாட்சிக்காகச் சாப்பிடாதிருங்கள். அதே அதிகாரத்தில், விக்கிரக வழிபாட்டின் பந்தியில் பங்கெடுப்பது மட்டும் கூடவே கூடாது. பொருள் ஒன்றுதான், ஆனால் இடமும் அர்த்தமும் மாறும்போது பதிலும் மாறுகிறது. அதனால் 'இது கூடுமா கூடாதா' என்று பட்டியல் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் பட்டியல் கொடுப்பதில்லை. அங்கே போய் நீங்கள் எதில் பங்கெடுக்கிறீர்கள், நீங்கள் செய்வதைப் பார்ப்பவர் என்னவென்று எடுத்துக்கொள்வார் என்று திருப்பிக் கேட்பேன்.

உதாரணமாக, நீங்கள் ஏற்றுக்கொள்ளாத விதத்தில் வாழ்கிற சக ஊழியர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். இயேசுவை அதற்காகத்தான் ஆயக்காரருக்கும் (வரி வசூலிப்பவர்களுக்கும்) பாவிகளுக்கும் சிநேகிதன் என்று கேலி செய்தார்கள். ஆனால் மேலதிகாரி பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் மறுக்க வேண்டும். மறுக்கும்போது விளைவுக்கு உத்தரவாதம் கிடையாது. தானியேல் 3-ல், ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற தானியேலின் தோழர்கள் மூன்று பேரும், எங்கள் தேவன் தப்புவிப்பார், அப்படி விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். வேலை போகலாம், பதவி உயர்வு போகலாம். அதே நேரத்தில் சட்டம் கொடுக்கிற உரிமையைப் பயன்படுத்துவதும் அவிசுவாசம் அல்ல: பவுல் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடியைத் தவிர்த்தார், இராயனிடம், அதாவது ரோமப் பேரரசரிடம், மேல்முறையீடும் செய்தார்.

சில விஷயங்களில் உண்மையான விசுவாசிகளே இரண்டு பக்கமும் இருப்பார்கள். சீனாவில் முன்னோருக்கும் கன்பூசியஸுக்கும் செலுத்தும் மரியாதைச் சடங்குகளில் கிறிஸ்தவர்கள் பங்கெடுக்கலாமா என்ற விவாதத்தில், 1715-ல் ரோம், அதாவது கத்தோலிக்கத் தலைமை, கண்டிப்பாகக் கூடாது என்றது; 1939-ல் அதே ரோம் பெருமளவுக்கு அனுமதித்தது. இடையில் 224 வருஷம். அந்தச் சடங்கு வழிபாடா குடும்ப மரியாதையா என்பதில் கற்றறிந்தவர்களுக்கே இவ்வளவு தடுமாற்றம் இருந்திருக்கிறது என்றால், உங்கள் சபையில் ஒருவர் உங்களைவிடச் சற்றுத் தளர்வாகவோ இறுக்கமாகவோ இருப்பதற்காக அவருடைய இரட்சிப்பையே சந்தேகிக்க வேண்டாம். ரோமர் 14 முழுக்க இதைப் பற்றித்தான்.

அப்புறம் இணையம். 1 பேதுரு 3:15 எல்லோருக்கும் மனப்பாடம்: உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள். அதில் 'கேட்கிறவர்களுக்கு' என்று இருப்பதையும், 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' என்று இருப்பதையும் தாண்டிப்போய்விடுகிறோம். பேதுரு இதை வசதியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு எழுதவில்லை, அக்கிரமக்காரர் என்று அவதூறு பேசப்பட்டவர்களுக்கு எழுதினார். யாரும் கேட்காத இடத்தில் போய் வசனத்தை எறிந்துவிட்டு, பதிலுக்கு வருகிற வசவை உபத்திரவம் என்று எண்ணிக்கொள்வது அவர் சொன்னதில் அடங்காது. மற்ற மதத்தினரைப் பற்றியோ வேறு கருத்துள்ளவர்களைப் பற்றியோ வருகிற செய்தியைச் சரிபார்க்காமல் பகிர்வது பொய்ச்சாட்சி, பத்துக் கட்டளையில் இருப்பது. நம் பக்கத்துக்குச் சாதகமான பொய் என்பதற்காக அந்தக் கட்டளையில் விலக்கு எதுவும் இல்லை.

மேலே படிக்க விரும்பினால் 1 பேதுருவின் ஐந்து அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. அடுத்து தானியேல் 1 முதல் 6 வரை, அப்புறம் 1 கொரிந்தியர் 5-ம், 8 முதல் 10 வரையும். வாசிக்கும்போது ஒவ்வொரு கட்டளையும் யாரிடம் சொல்லப்படுகிறது, யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.